கலிஃபோர்னியாவில் யாருக்கு ஓட்டு உண்டு? மாநில அரசியல் சாசனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இங்கே குடியேறிய நம் ஆட்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயிலிலும் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் பெரும்பகுதி கலிஃபோர்னியா அரசியல் சாசனத்தின் 2ஆம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. மிச்சத்தை மாநிலத் தேர்தல் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் சொல்கின்றன. நான் வழக்கறிஞர் அல்ல. குடியுரிமைச் சிக்கல் எதுவும் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

1. கலிஃபோர்னியாவுல ஓட்டுப் போட என்னதான் தகுதி வேணும்?

சாசனம் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். 2ஆம் அத்தியாயத்தின் 2ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். சொத்து, படிப்பு, ஆங்கிலம், இத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்பது சட்டமன்றம் வகுத்த ஏற்பாடு. அதற்கான அதிகாரத்தை 3ஆம் பிரிவு சட்டமன்றத்துக்குக் கொடுக்கிறது.

வயதைத் தேர்தல் நாளன்று பார்ப்பார்கள். 16, 17 வயதுப் பிள்ளைகள் முன்பதிவு செய்துகொள்ளலாம், 18 ஆனதும் பதிவு தானாகச் செல்லுபடியாகும். நவம்பருக்குள் 18 ஆகிவிடும் 17 வயதுக்காரர்களைப் பிரைமரியில் (நவம்பர் தேர்தலுக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தல்) ஓட்டுப் போட விடலாமா என்று 2020இல் ப்ராப் 18 மூலம் மக்களிடம் கேட்டார்கள். ப்ராப் என்பது மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முன்மொழிவு. மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

2. நான் க்ரீன் கார்டு. வரியெல்லாம் ஒழுங்கா கட்டுறேன். சின்ன லோக்கல் தேர்தல்லயாவது ஓட்டுப் போடலாமா?

முடியாது. எச்-1பிக்கும் இதே பதில்தான். வரி கட்டுவதற்கும் ஓட்டுக்கும் சாசனம் முடிச்சுப் போடவில்லை. விதிவிலக்கு மிகச் சிறியது, அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, பதிவுப் படிவத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது. பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிட்டால் நாடு கடத்தப்படலாம், பிறகு திரும்பி வரும் வழியும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். பத்து, பதினைந்து வருடக் காத்திருப்பை ஒரு கையெழுத்தில் இழக்க வேண்டாம்.

3. டிஎம்வியில லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஓட்டர் பதிவு பத்தியும் கேட்டாங்க. வேகமா எல்லாத்தையும் தட்டிட்டேன். இப்ப என்ன பண்றது?

2018 ஏப்ரலிலிருந்து, ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகமான டிஎம்விக்குப் போகும் தகுதியுள்ளவர்கள், வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். அந்த முதல் வருடத்திலேயே தகுதியில்லாத சிலரின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டதாக டிஎம்வியே ஒப்புக்கொண்டது. ஆகவே குடியுரிமை பற்றிய கேள்வி திரையில் வரும்போது நிதானமாகப் படியுங்கள். புரியவில்லை என்றால் கவுண்டரில் கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படாதீர்கள்.

குடிமகன் அல்லாத உங்கள் பெயருக்கு வாக்காளர் அட்டையோ வாக்குச்சீட்டோ தபாலில் வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் சொல்கிறபடி கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பதிவை ரத்து செய்து, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்பார்கள்.

4. அடுத்த வாரம்தான் எனக்கு சிட்டிசன் சத்தியப்பிரமாணம். அதுக்கடுத்த வாரம் தேர்தல். லேட் ஆயிடுச்சா?

இல்லை. வழக்கமான பதிவு தேர்தலுக்கு 15 நாள் முன்பு முடிகிறது. அதைத் தவறவிட்டவர்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்திலோ வாக்குச்சாவடியிலோ நேரில் பதிவு செய்து, அங்கேயே ஓட்டும் போடலாம். தேர்தல் நாள் இரவு 8 மணிவரை இது நடக்கும். அந்தச் சீட்டைத் தனி உறையில் வைத்து, உங்கள் தகுதியைச் சரிபார்த்தபின் எண்ணுவார்கள். ஆனால் சத்தியப்பிரமாணம் முடிந்த பிறகுதான் பதிவுப் படிவத்தில் கை வைக்க வேண்டும். நேர்காணலில் தேறிவிட்டாலும் அதுவரை நீங்கள் குடிமகன் அல்ல.

5. எனக்கு ஓசிஐ இருக்கு. அப்போ இந்தியாவுலயும் இங்கயும் ரெண்டு ஓட்டா?

இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடிமகன் ஆன அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது, அதோடு அங்குள்ள ஓட்டும் போய்விடுகிறது. ஓசிஐ என்பது விசாத் தொந்தரவு இல்லாமல் போய்வர உதவும் அட்டை, அவ்வளவுதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருப்பவர்கள் 6ஏ படிவம் கொடுத்து வெளிநாட்டு வாக்காளராக ஊரில் பதிந்துகொள்ளலாம். ஆனால் தேர்தல் நாளன்று நேரில் போய்த்தான் போட வேண்டும். இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா பார்ப்பது நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்பதை மட்டும்தான்.

6. கம்பெனி ரெண்டு வருஷம் சென்னைக்கு அனுப்புது. இங்க வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போறேன். ஓட்டு போயிடுமா?

போகாது. தேர்தல் சட்டம் வசிப்பிடம் என்று பார்ப்பது, திரும்பி வரும் எண்ணத்தோடு நீங்கள் நிரந்தரமாக வைத்திருக்கும் இடத்தை. தற்காலிகமாக வெளியே போவதால் அது மாறாது. வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொண்டால் சீட்டு சென்னைக்கே வரும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே பதிந்துகொண்டால்தான் இங்குள்ள ஓட்டு முடிகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்களில் யாருக்கும் வசிப்பிடம் கிடையாது.

இங்கே பிறந்து, சின்ன வயதிலேயே ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 18 ஆனதும் இங்கே கடைசியாக வசித்த முகவரியை வைத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். இது தெரியாத குடும்பங்கள் நிறைய.

7. வாக்குச்சாவடியில அடையாள அட்டை கேட்பாங்களா? நம்ம ஊர்ல பூத் சிலிப்பும் அட்டையும் இல்லாம உள்ளயே விட மாட்டாங்களே.

2ஆம் அத்தியாயத்தில் அடையாள அட்டை பற்றி எதுவும் இல்லை. மாநிலச் சட்டப்படி பொதுவாகக் கேட்பதில்லை. பெயரும் முகவரியும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பதியும்போது ஓட்டுநர் உரிம எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்களோ கொடுக்காமல் தபாலில் பதிந்தவர்கள், முதன்முறை கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடும்போது ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டி வரலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பதிவான எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருவதால், சாவடிக்குப் போகிறவர்களே குறைவு.

8. எந்தக் கட்சியும் வேணாம்னு "இண்டிபெண்டன்ட்"னு இருந்ததை டிக் பண்ணேன். சரிதானே?

பெரும்பாலும் சரியாக இருக்காது. படிவத்தில் இருப்பது அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி. அது 1968இல் இனப்பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸின் அதிபர் போட்டியோடு எழுந்த ஒரு கட்சி. பெயரைப் பார்த்து ஏமாந்து அதில் சேர்ந்தவர்கள் ஏராளம். கட்சி வேண்டாம் என்றால் எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லும் கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும். மறுபடியும் பதிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

கட்சி தேர்வது அதிபர் பிரைமரியில்தான் பெரிதாக உறைக்கும். அங்கே ஒவ்வொரு கட்சியும் தன் வாக்குச்சீட்டைக் கட்சி சாராதவர்களுக்குக் கொடுக்கலாமா என்று தானே முடிவு செய்கிறது. மற்ற பிரைமரிகளில் நீங்கள் எந்தக் கட்சியானாலும் ஒரே பட்டியல்தான்.

9. நவம்பர் சீட்டுல ஒரே கட்சிக்காரங்க ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கறாங்க. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, 5ஆம் பிரிவு சொல்வதே அதைத்தான். 2010 ஜூனில் மக்கள் நிறைவேற்றிய ப்ராப் 14க்குப் பிறகு, ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், அமெரிக்கக் காங்கிரஸ் போன்ற பதவிகளுக்குப் பிரைமரியில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். அதிக ஓட்டு வாங்கிய இருவர் மட்டும் நவம்பருக்குப் போகிறார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் தடையில்லை. 2016இல் அமெரிக்க செனட் தேர்தலில் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் நவம்பரில் மோதினார்கள். இருவரும் ஜனநாயகக் கட்சி. ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நம்மில் பலருக்கு அந்தத் தேர்தல் நினைவிருக்கும். ஆனால் அந்தச் சீட்டு அப்படி இருந்ததன் காரணம் பலருக்குத் தெரியாது.

ஆகவே பிரைமரியை விட்டுவிட்டு நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்தவர் மூன்றாவதாக வந்தால் நவம்பர் சீட்டில் அவர் பெயரே இருக்காது, பெயரை எழுதிப் போடவும் அந்தப் பதவிகளுக்கு இடமில்லை.

10. சிட்டி கவுன்சில், ஸ்கூல் போர்டு வேட்பாளர் பேர் பக்கத்துல கட்சியே போடலையே?

6ஆம் பிரிவுப்படி நீதிபதி, பள்ளி, கவுண்டி, நகரப் பதவிகள் எல்லாம் கட்சி சாராதவை. அவர்கள் சொந்தமாகக் கட்சிக்காரர்களாக இருக்கலாம், சீட்டில் வராது. அவர்களைப் பற்றி நீங்களேதான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

11. அம்மா 55 வயசுக்கு மேல சிட்டிசன் ஆனாங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவங்க சீட்டை நானே குறிச்சு அனுப்பிடலாமா?

அம்மா சொல்வதை நீங்கள் குறிக்கலாம். நீங்கள் நினைப்பதை அம்மாவின் சீட்டில் குறிக்கக் கூடாது. உதவியாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கலாம், மகனோ மகளோ இருக்கலாம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும்தான் கூடாது. அவர் யாருக்குப் போட்டார் என்பதை வெளியே சொல்லவும் கூடாது. "வாக்களிப்பு இரகசியமாக இருக்க வேண்டும்" என்று 7ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது. அந்த இரகசியம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உண்டு. குடும்பத்தின் எல்லாச் சீட்டுகளையும் ஒருவரே நிரப்பி, "இங்க கையெழுத்துப் போடு" என்று நீட்டும் பழக்கத்தை நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது தவறுதான்.

தமிழில் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. சாண்டா கிளாரா போன்ற கவுண்டிகளில் தமிழில் மொழிபெயர்த்த மாதிரிச் சீட்டு கிடைக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலச் சீட்டில் குறிக்கலாம். உங்கள் கவுண்டி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அந்த வசதி நிலைக்கும்.

12. அப்பா தமிழ்லதான் கையெழுத்துப் போடுவார். உறை மேல அப்படிப் போட்டா தள்ளிடுவாங்களா?

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். என்ன எழுத்து என்பது பிரச்சினை இல்லை, பொருந்துகிறதா என்பதுதான். பதியும்போது தமிழில் போட்டிருந்தால் உறையிலும் தமிழிலேயே போட வேண்டும். டிஎம்வியில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு உறையில் தமிழில் போட்டால் சிக்கல். இனிஷியலை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை போடுவதும் அப்படித்தான்.

பொருந்தவில்லை என்றாலும் உடனே தூக்கி எறிய முடியாது. 2018இலிருந்து வாக்காளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படிக் கடிதம் வந்தால் விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். சட்டப்படி போட்ட ஓட்டு எண்ணப்பட்டே ஆக வேண்டும் என்ற 2.5ஆம் பிரிவு 2002இல் சாசனத்தில் சேர்ந்தது.

13. எங்க பையனுக்கு ஆட்டிசம். 18 ஆனதும் கோர்ட்டு மூலமா எங்களை கன்சர்வேட்டரா போட்டுட்டாங்க. அவனுக்கு ஓட்டு கிடையாதுதானே?

பெரும்பாலும் உண்டு. மனத்தகுதி இல்லாதவரை விலக்கலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனால் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கன்சர்வேட்டர் (நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர்) இருப்பதாலேயே ஓட்டு போய்விடாது. ஓட்டுப் போட விரும்புகிறேன் என்பதை எந்த வழியிலும், உதவியோடு கூட, தெரிவிக்க முடியாதவர் என்று நீதிமன்றம் தெளிவாகத் தீர்மானித்தால்தான் போகும். முன்பு பறிபோனவர்களும் திரும்பக் கேட்கலாம். மறதி நோய் உள்ள பெற்றோருக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் பையன் கேட்கிறான் என்றால் பதிந்து கொடுங்கள்.

14. ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஓட்டு கிடையாதுன்னு சொல்றாங்களே?

மாநில அல்லது கூட்டாட்சிச் சிறையில் பெருங்குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும் காலத்தில் மட்டும் கிடையாது. 1974வரை வெளியே வந்த பிறகும் தடை நீடித்தது. அந்த வருடம் ப்ராப் 10 அதை நீக்கியது, ஆனால் பரோல் முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் ப்ராப் 17 அதையும் எடுத்துவிட்டது. கவுண்டி சிறையில் விசாரணைக்காகவோ சிறு குற்றத்துக்காகவோ இருப்பவருக்கு உள்ளே இருக்கும்போதே ஓட்டு உண்டு. வெளியே வந்தவர் மறுபடி பதிந்துகொள்ள வேண்டும். தன் ஓட்டு முடிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

15. கடை வாசல்ல ஒருத்தர் நோட்டுப் பலகையோட நின்னு "கையெழுத்துப் போடுங்க"ங்கறார். போடலாமா?

பதிவான வாக்காளராக இருந்தால் மட்டும் போடலாம். க்ரீன் கார்டுக்காரர்கள் போடக் கூடாது, காரணம் 2, 3ஆம் கேள்விகளில். படிக்காமல் யாருமே போடக் கூடாது. பலகையோடு நிற்பவர்களில் பலர் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி இல்லை.

இந்த மாநிலத்தில் மக்களே மனுப் போட்டுச் சட்டம் இயற்றலாம், சாசனத்தையும் திருத்தலாம். 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பிடியிலிருந்து அரசியலை மீட்கவென்று வந்த அதிகாரம் இது. 8ஆம் பிரிவுப்படி, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 5 விழுக்காடு கையெழுத்து சட்டத்துக்கும், 8 விழுக்காடு சாசனத் திருத்தத்துக்கும் வேண்டும். 2022 தேர்தலை வைத்துப் பார்த்தால் அது 5,46,651 மற்றும் 8,74,641. மக்கள் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும், சாசனமே மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிடப் பாதி சொத்து வரி கட்டுகிறாரே என்று வியந்திருப்பீர்கள். அது 1978இல் இப்படி மனுவில் வந்த ப்ராப் 13, வீடு வாங்கிய கால விலையை வைத்தே வரி என்ற விதி. இந்திய அரசியல் சாசனத்தைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். இங்கே உங்கள் கையெழுத்தே அதைத் தொடங்கிவைக்கிறது. அதனால்தான் தபாலில் வரும் தடித்த வாக்காளர் வழிகாட்டியை ஒரு மாலையாவது உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன்.

16. ஒரே விஷயத்துக்கு எதிரெதிரா ரெண்டு ப்ராப். ரெண்டுமே ஜெயிச்சா?

முரண்படும் இடங்களில் அதிக "ஆம்" ஓட்டு வாங்கியது நிற்கும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. அப்புறம் ஒன்று: மக்கள் மனுவில் வந்து நிறைவேறிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தால் ஒழிய, சட்டமன்றம் தானாக மாற்ற முடியாது. மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும். பிழையோடு நிறைவேறியது பல வருடம் அப்படியே கிடக்கும்.

17. ஆளுநரை நடுவுல தூக்க முடியுமாமே? காரணம் பெரிசா இருக்கணுமா?

இங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், மக்களே திரும்ப அழைக்கவும் முடியும். மனுவில் காரணம் எழுத வேண்டும், ஆனால் அது போதுமானதா என்று யாரும் ஆராய முடியாது என்று சாசனமே சொல்கிறது. மாநிலம் தழுவிய பதவிக்கு முந்தைய ஓட்டில் 12 விழுக்காடு கையெழுத்து வேண்டும். அதுவும் ஐந்து கவுண்டிகளிலாவது தலா 1 விழுக்காடு வந்திருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், நீதிபதிக்கு 20 விழுக்காடு.

சீட்டில் இரண்டு கேள்வி இருக்கும்: நீக்கலாமா, நீக்கினால் யார்? பதவியில் இருப்பவர் இரண்டாவது பட்டியலில் நிற்க முடியாது. 2003இல் கிரே டேவிஸ் நீக்கப்பட்டு, 135 பேர் நின்ற பட்டியலிலிருந்து அர்னால்டு ஸ்வார்ஸ்னெகர் ஆளுநர் ஆனார். 2021இல் கெவின் நியூசம் தப்பினார். முதல் கேள்வியில் 49 விழுக்காடு ஆதரவு வாங்கியவர் வீட்டுக்குப் போக, அதைவிடக் குறைந்த ஓட்டு வாங்கியவர் பதவிக்கு வரலாம். இது நியாயமில்லை என்பது என் கருத்து. முதல் கேள்விக்கு "வேண்டாம்" என்று போட்டாலும் இரண்டாவதற்கும் ஓட்டுப் போடலாம், போடவும் வேண்டும்.

18. இந்தியர்களுக்கு இங்க எப்போதிலிருந்து ஓட்டு?

முழுமையாக 1946க்குப் பிறகுதான். 1849ஆம் ஆண்டு முதல் சாசனம் ஓட்டை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் கொடுத்தது. 1879ஆம் ஆண்டுச் சாசனம் சீனாவில் பிறந்த எவருக்கும் ஓட்டு இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. 1894இல் ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும் என்ற விதி வந்தது. அதை 1970இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பெண்களுக்கு 1911 அக்டோபரில் கிடைத்தது, வெறும் 3,587 ஓட்டு வித்தியாசத்தில்.

இந்தியர்கள் மாட்டிக்கொண்டது குடியுரிமையில். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் அல்ல, ஆகவே குடிமகன் ஆக முடியாது என்றது. 1946ஆம் ஆண்டு லூஸ்–செல்லர் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த தலிப் சிங் சௌந்த் 1949இல் குடிமகன் ஆனார். 1950இல் உள்ளூர் நீதிபதிப் பதவிக்கு வென்றும், குடிமகன் ஆகி ஒரு வருடம் ஆகவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952இல் மறுபடி நின்று வென்றார். 1956இல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்வானார், ஆசியாவில் பிறந்தவர்களில் முதல் ஆளாக.

19. சான் பிரான்சிஸ்கோல சிட்டிசன் இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடறாங்களே. 2ஆம் கேள்வில முடியாதுன்னீங்களே?

அந்தச் சிறிய விதிவிலக்கு இதுதான். 2016இல் அந்த நகர மக்கள் ப்ராப் என் மூலம், பிள்ளைகள் உள்ள பெற்றோர் குடிமக்களாக இல்லாவிட்டாலும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். சாசனம் குடிமகனுக்கு மட்டும்தானே ஓட்டு என்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 2022இல் கீழ் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது, 2023 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. குடிமக்கள் ஓட்டுப் போடலாம் என்று 2ஆம் பிரிவு உறுதி கொடுக்கிறது, மற்றவர்களுக்குத் தனக்கென்று சாசனம் வைத்திருக்கும் நகரம் உள்ளூர் ஓட்டைக் கொடுப்பதை அது தடுக்கவில்லை என்பது தீர்ப்பு. 2024இல் சாண்டா ஆனாவில் இதுபோன்ற யோசனையை மக்கள் நிராகரித்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் இருந்தாலும் யோசித்துச் செய்யுங்கள். இதற்கென்று தனிப் படிவமும் பள்ளி வாரியம் மட்டும் உள்ள தனிச் சீட்டும் உண்டு, பொதுப் பதிவுப் படிவத்தைத் தொடவே கூடாது. நீங்கள் கொடுக்கும் பெயரும் முகவரியும் குடிவரவுத் துறை கையில் போகக்கூடும் என்று நகரத் தேர்தல் துறையே எச்சரிக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் வரும் கேள்வியை 3ஆம் விடையில் சொன்னேன். அங்கே "ஆம்" என்று எழுதி, எந்தத் தேர்தல், எந்த விதிப்படி என்று விளக்க வேண்டியிருக்கும். எனவே பதியும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, படிவத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு போடுங்கள்.